அவசரப்பட்ட எலும்பு

பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு,

உங்கள் அலுவலகத்திலிருந்து யாரோ தொலைபேசியில் அழைத்துச் செய்தி சொன்னார். பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. மழை பெய்த சாலை, நீங்கள் ஓட்டிய ஸ்கூட்டர், குறுக்கே திரும்பிய லாரி. உங்களுக்குக் கீழ்க்கால் முறிவு. என் மகளுக்குத் தொடை எலும்பு முறிவு, தலையில் அடி. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

தொலைபேசிப் பேச்சு என் காதுக்குச் சரியாகக் கேட்பதில்லை. மேலும் அதில் யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாக முடிப்பதில்லை. ஆகையால் இனி எதுவாக இருந்தாலும் எழுதித் தெரிவியுங்கள்.

நான் ஏன் புறப்பட்டு வரவில்லை என்று அங்கே யாராவது கேட்டால் சொல்வதற்கு: எனக்குச் சென்ற வாரம்தான் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. பயணம் கூடாது, குனியக்கூடாது, அழக்கூடாது என்று கண் மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூன்றையும் கடைப்பிடிக்கிறேன். இதை ஒரு கண்ணால் எழுதுகிறேன். வரி கோணியிருந்தால் காரணம் அதுதான்.

உங்கள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அதற்குப் பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட பெண்ணை வெளியே எடுத்துவிட்டதோடு ஒரு மெக்கானிக்கின் வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அது மாறவில்லை. அதை இப்போது பேச வேண்டாம்.

மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அவளுக்கு நினைவு திரும்பிவிட்டதா? ஸ்கூட்டரில் தலைக்கவசம் யார் தலையில் இருந்தது? பயணம் செய்யும் நிலை வந்தவுடன் அவளை என்னிடம் அனுப்பிவைப்பீர்களா? என் வீடு தரைத்தளம். அவளுடைய அறை அப்படியே இருக்கிறது. மூன்றாம் மாடியில், காலுடைந்த ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக்கொள்ள முடியாது.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தாயார்


பிப்ரவரி 9

அத்தைக்கு வணக்கம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். என் கால் ஒரு கம்பியில் தொங்குகிறது. இது படுத்துக்கொண்டு எழுதும் கையெழுத்து, மன்னியுங்கள். உட்கார்ந்து எழுதினாலும் இதைவிட நன்றாக இருக்காது.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். அவள் இரண்டு மாடி மேலே, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். நேற்று கண் திறந்தாள். நர்ஸ் கையைப் பிடித்தால் திருப்பிப் பிடிக்கிறாள். இன்னும் பேசவில்லை. தொடை எலும்புக்குள் கம்பி வைத்து ஆபரேஷன் செய்துவிட்டார்கள். என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தினம் ஒரு முறை மேலே அழைத்துப் போகிறார்கள்.

தலைக்கவசம் என் தலையில் இருந்தது. அவளுடையது அவள் மடியில் இருந்தது. அன்று தலைக்குக் குளித்திருந்தாள், முடி காயவில்லை. "பக்கத்துல தானே, ஓட்டுங்க" என்று சொன்னாள். நானும் ஓட்டினேன். இதைப் போலீஸிடம் சொன்னது போலவே உங்களிடமும் சொல்லிவிட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மூன்றாவது கேள்வி. எலும்பு கூடி, டாக்டர் சரி என்றதும் அவளை உங்களிடம் அனுப்பிவைக்கிறேன். நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் அவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லை. வாக்குக் கொடுக்கிறேன்.

ஒன்று மட்டும். நீங்கள் என்னைப் பற்றி நினைப்பதைத்தான் என் ஆபீஸில் என் மேலதிகாரியும் நினைக்கிறார். "லிஃப்ட்ல மாட்டினவளைக் காப்பாத்தப் போயி நீ மாட்டிக்கிட்டியேடா" என்பார். ரேங்க்குக்கு அந்த ஜோக் ரொம்பப் பிடிக்கும். அவளை நான் ரேங்க் என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் ஒருமுறைகூட இரண்டாவது வந்ததில்லையாமே.

மாப்பிள்ளை


மார்ச் 6

அத்தைக்கு வணக்கம்.

நாங்கள் இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டோம். பகலில் உதவிக்கு ஒரு நர்ஸம்மா வருகிறார். நான் கக்கத்தில் இரண்டு கட்டைகளோடு வீட்டை அளந்துகொண்டிருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. நேற்று இரண்டு பேருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு டாக்டர் இரண்டு படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அவளுடைய படத்தைப் பார்த்துவிட்டு, கீழே எழுதியிருந்த தேதியைப் பார்த்தார். பிறகு சின்ன டாக்டரைக் கூப்பிட்டு, "யோவ், இது யாரோட படம்? பழசை எடுத்து மாட்டிட்டியா?" என்றார். இல்லை, அவளுடையதுதான், அன்று காலை எடுத்ததுதான். முறிந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு, மெழுகுவத்தி உருகி வழிந்து கட்டியானது போல் திரண்டு நிற்கிறது. மூன்று நான்கு மாதம் ஆன எலும்பு மாதிரி இருக்கிறதாம்.

என்னுடையதில் முறிந்த கோடு அப்படியே தெரிகிறது. "உங்க எலும்பு இன்னும் யோசிச்சிட்டே இருக்கு" என்றார் டாக்டர்.

அவள் பேசுகிறாள். சில நேரம் நன்றாகப் பேசுகிறாள்.

மாப்பிள்ளை


மார்ச் 11

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு வியப்பு இல்லை. என் மகள் எதைச் செய்தாலும் முந்திச் செய்வாள். நடந்ததும் பேசியதும் அப்படித்தான். எலும்பும் அவளுடையதுதானே. அடுத்த வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் ஒரே நாள் உடைஞ்சுது, உங்க பொண்ணு ஜெயிச்சிட்டா, மாப்பிள்ளை கோட்டை விட்டுட்டார்" என்று அவர் தெரு முழுவதும் சொல்லிவிட்டார். நான் தடுக்கவில்லை.

உங்கள் எலும்பு ஏன் யோசிக்கிறது என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாகும் என்று படித்திருக்கிறேன். நீங்கள் பிடிப்பீர்கள் என்பது கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும்.

இனி வாக்கு. எலும்பு கூடியதும் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். கூடிவிட்டது. அறையைச் சுத்தம் செய்தாகிவிட்டது. கட்டிலின் உயரத்தைக் குறைக்கத் தச்சரை வரவழைத்துக் கால்களை அறுத்தாயிற்று. குளியலறையில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி பொருத்தியிருக்கிறேன். எந்தத் தேதியில் வண்டி அனுப்பட்டும் என்று எழுதுங்கள். எக்ஸ்ரே படத்தின் நகலும் வேண்டும். எங்கள் குடும்ப டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதுவரை சில காரியங்களைக் கவனியுங்கள். அவளை நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். பாதி வாக்கியத்தில் நிறுத்த விடாதீர்கள். படுக்கையில் இருப்பதைச் சாக்காக வைத்து இடது கையால் சாப்பிடும் பழக்கம் வந்துவிடக் கூடாது. சிறு வயதில் அந்தப் பழக்கத்தை மாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"சில நேரம் நன்றாகப் பேசுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற நேரம்?

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தாயார்


மார்ச் 17

அத்தைக்கு வணக்கம்.

படத்தின் நகல் இதோடு வருகிறது. வண்டி அனுப்ப வேண்டாம். ஏன் என்று எழுதுகிறேன். நான் எழுதி எழுதிக் கிழித்த கடிதம் இது, பொறுமையாகப் படியுங்கள்.

பயணத்துக்கு அனுமதி கேட்க எலும்பு டாக்டரிடம் போனேன். சந்தோஷமாகத்தான் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"தலையில பலமா அடிபட்டவங்களுக்குச் சில சமயம் எலும்பு இப்படித்தான் வேகமாக் கூடும். நாங்க அடிக்கடி பாக்கிறதுதான். ஏன்னு முழுசா யாருக்கும் தெரியல. அடிபட்ட மூளையிலேர்ந்து ஏதோ ஒண்ணு ரத்தத்துல கலந்து எலும்பை வளரச் சொல்லுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க."

"அப்ப நல்லதுதானே சார்?"

"எலும்புக்கு நல்லது" என்றார். பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அத்தை, நான் அங்கிருந்து வெளியே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். வீடு வீடாகப் போய் இனிப்புக் கொடுத்துவிட்டு, பிறகு விடைத்தாள் மாறிவிட்டது என்று கேள்விப்பட்டது போல் இருந்தது. தெருவில் சொன்னது நீங்கள் மட்டும் இல்லை. நானும் ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன்.

மற்ற நேரம் எப்படிப் பேசுகிறாள் என்று கேட்டீர்கள். கேட்டதையே கேட்கிறாள். பதில் சொன்னால் தலையாட்டுவாள், கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கேள்வி. காலையில் நடந்தது மத்தியானம் இல்லை. ஆனால் இந்த வீடு அவளுக்குத் தெரிகிறது. சுவிட்ச் எங்கே, குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எல்லாம் கை தானாகச் செய்கிறது. லிஃப்ட் எங்கள் மாடியில் வந்து நிற்கும்போது ஒரு சத்தம் வரும், டக்கென்று. அது கேட்டால் அவள் கதவைப் பார்ப்பாள். நான் வேலை முடிந்து வரும் சத்தம் அது. நான் அவள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பேன். அப்போதும் கதவைத்தான் பார்ப்பாள்.

உங்கள் வீட்டை விட்டு அவள் வந்து ஐந்து வருஷம் ஆகப்போகிறது. அங்கே எந்தச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் திரும்புவாள்?

வாக்குக் கொடுத்தேன். எலும்பு கூடினால் ஆள் தேறிவிட்டாள் என்று நினைத்துக் கொடுத்த வாக்கு அது. இந்த எலும்பு தேறியதால் கூடவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள். அனுப்ப மாட்டேன்.

மாப்பிள்ளை


மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

வாக்கை நீங்கள் மீறியதால், நான் அதைக் காப்பாற்ற ஏற்பாடு செய்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு ஆம்புலன்ஸ் வண்டி, ஓட்டுநர், ஒரு நர்ஸ், ஸ்ட்ரெச்சர் ஆகியவற்றை உங்கள் முகவரிக்கு அனுப்பினேன். அவர்கள் வெறும் ஸ்ட்ரெச்சரோடு திரும்பி வந்தார்கள். ஓட்டுநர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, லிஃப்ட் ரிப்பேர்னு போர்டு தொங்குது. படியில ஸ்ட்ரெச்சர் திரும்பாது. மேலேர்ந்து உங்க மாப்பிள்ளை எட்டிப் பாத்து, 'லிஃப்ட் ஓடாதுப்பா, பாகம் வரணும், ஒரு வாரம் ஆகும்'னாரு. ரெண்டாம் மாடியில தைக்கிற அம்மா ஒருத்தங்க துணி மூட்டையோட படியேறிட்டு இருந்தாங்க. 'ஊரு லிஃப்டெல்லாம் ஓட்டுறவன் வீட்டு லிஃப்ட் காலையிலதான் ஓடிச்சு, உங்க வண்டியைப் பாத்ததும் படுத்துக்கிச்சு'ன்னாங்க."

லிஃப்ட் பழுது என்று சொல்ல இந்த உலகத்தில் அருகதை இல்லாத ஒரே மனிதர் நீங்கள்தான்.

இரண்டு கட்டைகளோடு நடப்பவர் லிஃப்டை நிறுத்தும் அறைக்கு எப்படிப் போனீர்கள் என்று தெரியவில்லை. எலும்பு கூடாததற்குப் புகை மட்டும் காரணம் இல்லை போலும்.

எனக்கு இருப்பது ஒரே மகள். அவளுக்கு முன்பு போல் ஆகாது என்றால், அந்த அவளையும் நான்தான் பார்க்க வேண்டும். பிறந்தபோது பேச்சு வராதவளாகத்தான் என் கைக்கு வந்தாள். பேசக் கற்றுக்கொடுத்தவள் நான். மறுபடியும் கற்றுக்கொடுப்பேன். இதில் எனக்குப் போட்டியாக நிற்க உங்களுக்கு என்ன தகுதி?

கண் மருத்துவர் ஏப்ரல் நடுவில் பயண அனுமதி தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை வண்டியோடு நான் வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தாயார்


ஏப்ரல் 3

அத்தைக்கு வணக்கம்.

லிஃப்ட் பழுதில்லை. நான்தான் நிறுத்தினேன். ஜன்னலில் வண்டியைப் பார்த்ததும் மொட்டை மாடி அறைக்குப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறி, மெயின் சுவிட்சை அணைத்தேன். போர்டை நர்ஸம்மாவிடம் கொடுத்து மாட்டச் சொன்னேன். பதினைந்து வருஷ சர்வீஸில் ஓடுகிற லிஃப்டை நிறுத்திவிட்டு ஓடவில்லை என்று பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குத் தண்டனையும் கிடைத்தது. தையற்காரம்மா திட்டியதைச் சொல்லவில்லை. அது தனி. வண்டி திரும்பி வந்தாலும் வரும் என்று அன்று முழுவதும் சுவிட்சைப் போடவில்லை. லிஃப்ட் சத்தம் இல்லை. மாலை ஆனதும் ரேங்க் "இன்னும் வரல" என்றாள். நான் கையைப் பிடித்து, "இங்கதான் இருக்கேன்" என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கதவைப் பார்த்து, "இன்னும் வரலயே, மழையா?" என்றாள். தூங்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் பொழுது விடியும் முன்பே சுவிட்சைப் போட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். மறைத்தால் அதையும் ஓட்டுநர் மூலம் தெரிந்துகொள்வீர்கள். அவளுடைய வலது முழங்கை மடங்க மறுக்கிறது. அந்தக் கையில் அடியே படவில்லை. படம் எடுத்தார்கள். மூட்டைச் சுற்றி, சதைக்குள்ளே, எலும்பு வளர்ந்திருக்கிறது. தொடையைச் சீக்கிரம் கூட வைத்த அதே கோளாறுதானாம். எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியவில்லை. இப்போது வெட்டி எடுக்க முடியாது. வளர்வது நின்று, கெட்டிப்பட்ட பிறகுதான் எடுக்க முடியும். ஒரு வருஷம் ஆகலாம், மேலும் ஆகலாம். அதுவரை பலவந்தமாக மடக்கக் கூடாது. கை பாதி மடங்கிய நிலையில் நிற்கிறது. வாய் வரை போகாது.

அதனால் இடது கையால்தான் சாப்பிடுகிறாள். நான் தடுக்கவில்லை.

என்ன தகுதி என்று கேட்டீர்கள். நானும் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நீங்கள் வாருங்கள். லிஃப்ட் ஓடும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 20

அத்தைக்கு வணக்கம்.

நீங்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டீர்கள். கீழே நின்ற ஆம்புலன்ஸில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போனதைத் தையற்காரம்மா பார்த்தாராம். "நோயாளி வண்டியில மகாராணி மாதிரி போறாங்க" என்றார்.

அன்று லிஃப்ட் கீழே கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. "நீங்க ஓட்டற எதுலயும் நான் ஏற மாட்டேன்" என்று கீழேயிருந்தே சொல்லிவிட்டுப் படியில் ஏறினீர்கள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிய சத்தம் மேலே கேட்டது. அப்போது என்னால் வர முடியவில்லை. ரேங்க்கைக் குளியலறையிலிருந்து நாற்காலிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். நர்ஸம்மாவுக்கு அன்று விடுமுறை.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. நான் சமையலறையில் இருந்தேன். கதவு திறந்திருந்ததால் கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை.

அவள் உங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு காலைத் தட்டிக் காட்டி, "அம்மா, அவரோடது இன்னும் கூடல. என்னோடது கூடிடுச்சு. நான் ஃபர்ஸ்ட்டாம்மா?" என்றாள். இதை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியும். நான்தான் ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னேன். எல்லாவற்றையும் மறக்கிறவள் அதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாம்மா, நீதான் ஃபர்ஸ்ட்" என்றீர்கள்.

அவள் மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னீர்கள். நான் டீ போட்டு முடிப்பதற்குள் எத்தனை தடவை கேட்டாள் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும், அப்போதுதான் முதல் தடவை கேட்டது போலப் பதில் சொன்னீர்கள். குரல் ஒரு இடத்திலும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என்னால் அப்படி முடிவதில்லை அத்தை. நான்கைந்து தடவைக்குமேல் என் குரல் மாறிவிடும். அது அவளுக்குத் தெரிந்துவிடும், முகம் சுருங்கிவிடும்.

பிறகு சாப்பாட்டுத் தட்டை வைத்தேன். அவள் இடது கையால் கரண்டியை எடுத்து, நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று உங்கள் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் எழுந்துபோய்த் தட்டை அவளுக்கு இடப்பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள்.

வண்டி வந்திருந்தது. ஸ்ட்ரெச்சர் இருந்தது. லிஃப்ட் ஓடியது. என்னால் ஒரு கையால்கூடத் தடுத்திருக்க முடியாது, இரண்டு கையும் கட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஏன் அவளை அழைத்துப் போகவில்லை?

நேற்று எனக்குப் படம் எடுத்தார்கள். கோடு இன்னும் இருக்கிறது. "எழுந்து நடமாடாதீங்கன்னு சொன்னேன்ல, உள்ளே ரெண்டு முனையும் ஆடிட்டே இருந்தா எப்படிக் கூடும்? இப்படியே போனா ஆபரேஷன்தான்" என்று டாக்டர் கோபித்தார். ஆபீஸிலும் எவ்வளவு நாள் பொறுப்பார்கள் என்று தெரியவில்லை. உங்கள் வீடுதான் அவளுக்குச் சரி என்று நீங்கள் முடிவு செய்தால், இந்த முறை நான் சுவிட்ச் பக்கம் போக மாட்டேன். போகவும் முடியாது.

மாப்பிள்ளை


ஏப்ரல் 27

மாப்பிள்ளைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்கள் கேள்விக்குப் பதில் எழுதச் சில நாள் ஆயிற்று.

நீங்கள் அனுப்பிய எக்ஸ்ரே நகலைச் சென்ற மாதமே எங்கள் குடும்ப டாக்டரிடம் காட்டியிருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். "எலும்பைப் பாத்து நான் என்னம்மா சொல்றது? தலை எப்படி இருக்குன்னு கேளுங்க" என்றார். அன்று அவருக்குக் காபி கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். மறுவாரம் வண்டியை அனுப்பினேன். வண்டி அனுப்பும்போதே, நீங்கள் எழுதியது உண்மை என்று எனக்குத் தெரியும். உண்மையாக இருந்தால்தான் என்ன, என் வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்று படியேறி வந்தபோது உங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கட்டைகள் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. நீங்கள் அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்து, மாவுக்கட்டுப் போட்ட காலைத் தரையில் ஊன்றி நடத்திக்கொண்டு வந்தீர்கள். ஒவ்வொரு அடிக்கும் உங்கள் முகம் கோணியது. அவள் உங்களிடம், "ரொம்ப மெதுவா நடக்கிறீங்க" என்று குறைசொல்லிக்கொண்டு வந்தாள். நீங்கள், "மேடத்தோட வேகத்துக்கு எங்க எலும்பு வராதுங்க" என்றீர்கள். அவள் சிரித்தாள். சிறுமியாக இருந்தபோதுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உங்கள் எலும்பு ஏன் கூடவில்லை என்பதற்கு நான் சொன்ன காரணம் முழுமையானது அல்ல. அதற்காகப் புகை பிடிக்கலாம் என்று அர்த்தமில்லை. குளியலறை ஜன்னலில் நான் பார்த்த சிகரெட் பெட்டி உங்களுடையது இல்லை என்று எழுதி, மறுபடி லிஃப்ட் கதை சொல்லாதீர்கள்.

அவள் முதலாவதா என்று கேட்டதற்கு ஆமாம் என்றேன். அது பொய் இல்லை. எலும்பு முந்தியது முந்தியதுதான். ஆனால் இந்த முதலிடம் எனக்கு வேண்டாம். அவளிடம் நான் கேட்டு வாங்கிய எல்லா முதலிடங்களையும் நினைத்துப் பார்த்தேன். அதைப் பற்றி மேலே எழுத விரும்பவில்லை.

இனி காரியத்துக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்த வாக்கில் ஒரு திருத்தம். எலும்பு கூடியதும் அவளை அனுப்புவதாகச் சொன்னீர்கள். யாருடைய எலும்பு என்று எழுதவில்லை. உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கால் கூடி, கட்டைகளை விட்டு நடந்த பிறகு, இரண்டு பேருமாக இங்கே வந்து சில நாள் இருங்கள். அந்தக் கட்டில் இரண்டு பேருக்குப் போதாது. தச்சரிடம் வேறு செய்யச் சொல்லியிருக்கிறேன்.

அதுவரை நீங்கள் காலை ஊன்றக் கூடாது. அவளைத் தூக்கக் கூடாது. நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், அசையாமல் உட்கார்ந்திருப்பது. மற்றதைச் செய்ய ஆள் வேண்டும். ஆகையால் வியாழக்கிழமை நான் அங்கே வருகிறேன். ஒரு பெட்டியும் ஒரு மடக்குக் கட்டிலும் கொண்டு வருவேன். எத்தனை தடவை கேட்டாலும் அவளுக்குப் பதில் சொல்ல என்னால் முடியும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் மிச்சம் இருப்பது அந்தப் பொறுமை ஒன்றுதான். உங்கள் சமையலறையை நான் மாற்றி அமைப்பேன், அதற்குத் தயாராக இருங்கள். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டு டாக்டரை நச்சரிக்க வேண்டாம். உங்கள் எலும்புக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். இந்தக் குடும்பத்தில் ஒரு எலும்பு அவசரப்பட்டது போதும்.

மூன்று மாடிகளையும் என்னால் ஏற முடியும் என்று ஒரு முறை காட்டிவிட்டேன். மறுபடியும் காட்டத் தேவையில்லை. லிஃப்டை ஓட விடுங்கள், அதில்தான் வருவேன். அது வந்து நின்றால் அவள் கதவைப் பார்ப்பாள் என்று எழுதியிருந்தீர்கள்.

வியாழக்கிழமை அவள் பார்க்கும்போது கதவில் ஆள் இருக்கும்.

அத்தை